மாடு மிரளாம இருக்கப் பாடின பாட்டு: பாடும் கௌபாய்களை ஜனங்க ஏன் இன்னும் விடல

கௌபாய்க்கு முக்கியமான ஆயுதம் எதுன்னு கேட்டா படம் பாத்து வளந்த நாம எல்லாரும் துப்பாக்கினுதான் சொல்வோம், ஆனா 1870கள்ல டெக்சாஸ்லருந்து கன்சாஸ் வரைக்கும் மாடு ஓட்டிட்டுப் போன ஆளுங்களுக்கு ராத்திரியான்னா தேவைப்பட்டது தொண்டைதான். ரெண்டாயிரம் மூவாயிரம் உருப்படி, நீளக் கொம்பு வெச்ச பாதி காட்டு மாடுங்க, வெட்டவெளில படுத்திருக்கும். ரெண்டு பேரு குதிரைல அந்த மந்தைய சுத்தி வருவாங்க, ஒருத்தன் வலமா இன்னொருத்தன் இடமா, ஒவ்வொரு சுத்துலயும் ஒருத்தர ஒருத்தர் கடந்து போவாங்க. முறை மாறி அடுத்த ஆள் வர்ற வரைக்கும் பாடிட்டே இருக்கணும். ஒரு தீக்குச்சி உரசின சத்தமோ தூரத்துல ஒரு இடியோ போதும், மொத்த மந்தையும் ஒரே நேரத்துல எழுந்து ஓட ஆரம்பிச்சிரும், அந்த இருட்டுல அதுங்க முன்னாடி மாட்டின ஆளும் குதிரையும் பிழைக்கிறது கஷ்டம். பாட்டு கேட்டுட்டே இருந்தா ஆள் எங்க இருக்கான்னு மாட்டுக்குத் தெரியும், திடீர்னு ஒரு உருவம் பக்கத்துல வந்து நின்னு மிரட்டாது. சர்ச்ல கத்துக்கிட்ட பாட்டு, அம்மா பாடின தாலாட்டு, வார்த்தை மறந்துபோச்சுன்னா வாய்க்கு வந்தத ராகம் போட்டு இழுக்கிறது, எதுவா இருந்தாலும் சரி, குரல் நிக்கக் கூடாது, அவ்ளோதான்.

இத முதல்ல சொல்லக் காரணம் இருக்கு. ஜீன் ஆட்ரி, ராய் ராஜர்ஸ் மாதிரி பாடும் கௌபாய் ஸ்டார்களப் பத்திப் பேச்சு வந்தாலே, அது ஹாலிவுட் கண்டுபிடிச்ச பொம்மை, நெஜ கௌபாய்க்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லனு சொல்ற ஆளுங்கதான் ஜாஸ்தி. பட்டு எம்பிராய்டரி சட்டையும் கசங்காத தொப்பியும் பாத்தா அப்படித் தோணத்தான் செய்யும். ஆனா அந்தப் பாட்டு செஞ்ச வேலையப் பாருங்க, மந்தையச் சுத்திப் பாடினவன் செஞ்ச அதே வேலைதான். இருட்டுல பயந்துபோய் உக்காந்திருக்கிற கூட்டத்துக்கு ‘நான் இங்கதான் இருக்கேன், ஒண்ணும் ஆகாது’னு ஒரு குரல் சொல்லிட்டே இருக்கு. 1930கள்ல அந்தக் கூட்டம் தியேட்டருக்குள்ள இருந்துச்சு. என்னைக் கேட்டா இந்த விஷயத்தோட மொத்த உயிரும் இங்கதான் இருக்கு.

நெஜ கௌபாய் காலம் ரொம்பச் சின்னது. உள்நாட்டுப் போர் முடிஞ்சு 1866 வாக்குல பெரிய பெரிய மந்தைங்க வடக்க கிளம்பினதுலருந்து, 1880கள் முடியறதுக்குள்ள கதை ஏறக்குறைய முடிஞ்சுபோச்சு, ஒரு இருபது வருஷம்னு வெச்சுக்கலாம். 1874ல ஜோசப் க்ளிடன் முள்கம்பிக்கு பேட்டன்ட் வாங்கினாரு, அதுக்கப்புறம் வெட்டவெளி எல்லாம் வேலிக்குள்ள போயிருச்சு, ரயில் தடம் டெக்சாஸுக்குள்ளயே வந்துட்டதால மாட்ட அவ்ளோ தூரம் நடத்திட்டுப் போற தேவையும் குறைஞ்சுது, 1886-87 குளிர்காலத்துல வடக்குச் சமவெளில மாடுங்க கூட்டம் கூட்டமா செத்து விழுந்துச்சு. வேலை செஞ்ச ஆளுங்களும் படத்துல வர்ற மாதிரி எல்லாரும் வெள்ளைக்காரங்க கிடையாது, மெக்சிகோவோட வகேரோக்கள்ங்கிற மாட்டுக்காரங்ககிட்டதான் இந்தத் தொழிலையே கத்துக்கிட்டாங்க (ரோடியோ, சுருக்குக் கயிறுக்கு லாசோ, மாட்டுப் பண்ணைக்கு ராஞ்ச் எல்லாமே ஸ்பானிஷ்லருந்து வந்த வார்த்தைங்க), அடிமைத்தனத்துலருந்து விடுதலையான கறுப்பினத்தவங்க நிறைய பேரு சேணத்துல இருந்தாங்க. கூலி கம்மி, தூசி ஜாஸ்தி, பாதி பேரு ரெண்டு மூணு சீசன் போயிட்டு வேற பொழப்பு தேடிக்கிட்டாங்க.

அதனால பாட்டு பெரிசானப்போ அந்த வாழ்க்கை ஏற்கனவே போயிருச்சு. ஜான் லோமாக்ஸ்னு ஒரு டெக்சாஸ்காரரு ஊர் ஊரா போய் கௌபாய் பாட்டுகள சேகரிச்சு 1910ல புத்தகமா போட்டாரு. ‘ஹோம் ஆன் தி ரேஞ்ச்’ பாட்டு ஊரெல்லாம் பரவினதுல அந்தப் புத்தகத்துக்குப் பெரிய பங்கு இருக்கு. அந்தப் பாட்ட அவரு பதிவு பண்ணிக்கிட்டது சான் அன்டோனியோவுல ஒரு சலூன், அதாவது மதுக்கடை, நடத்தின கறுப்பினத்தவர்கிட்டருந்து. அதோட வரிகள எழுதினது 1870கள்ல கன்சாஸ்ல இருந்த ப்ரூஸ்டர் ஹிக்லினு ஒரு டாக்டர். கௌபாய் பாட்டுனு உலகமே நெனைக்கிற பாட்ட ஒரு டாக்டர் எழுதியிருக்காரு, மாடு ஓட்டினவங்க அத எடுத்துத் தங்களோடதா ஆக்கிட்டாங்க. இந்தப் பழக்கம் கடைசி வரைக்கும் போகுது, பின்னாடி வர்றேன்.

படம் பேச ஆரம்பிச்ச உடனே பாட்டும் வந்துருச்சு. கென் மேனார்டுன்னு சண்டைக்கும் குதிரை சாகசத்துக்கும் பேர் போன ஸ்டார் 1929-30லயே படத்துல பாடினாரு, ஃபிடில் வாசிச்சாரு. ஜான் வெய்னையே பாட வெச்சாங்கனா நம்ப முடியுதா? 1933ல ‘சிங்கிங் சான்டி’ன்னு ஒரு பாத்திரம், வாய் அசைச்சது அவரு, குரல் வேற ஆளோடது. நேர்ல வர்ற இடத்துல எல்லாம் ஜனங்க பாடச் சொல்லிக் கேக்க, அவருக்கு அது பெரிய சங்கடமா போச்சு, சீக்கிரமே அத விட்டுட்டாரு. நமக்கு ஹீரோ இரவல் குரல்ல பாடறது பழகின விஷயம், ஆனா அங்க அந்த ஏற்பாடு நிக்கல, ஏன்னா ஜனங்க அந்த ஆளோட குரல ஏற்கனவே வீட்ல ரேடியோல கேட்டுட்டு அதே ஆள திரைல பாக்கணும்னுதான் தியேட்டருக்கு வந்தாங்க.

அந்த ஆள்தான் ஜீன் ஆட்ரி. 1907ல டெக்சாஸ்ல டியோகா பக்கத்துல பொறந்தவரு, ஓக்லஹோமாவுல ரயில்வேல தந்தி ஆபரேட்டரா வேலை. சின்ன ஸ்டேஷன்ல ராத்திரி டியூட்டி எப்படி இருக்கும்னு யோசிங்க, எப்பவாவது ஒரு தந்தி, எப்பவாவது ஒரு சரக்கு ரயில், மிச்ச நேரமெல்லாம் தூக்கம் வராம இருக்க கிட்டார். அப்படி ஒரு ராத்திரி செல்சி ஊர் ஸ்டேஷனுக்கு தந்தி குடுக்க வந்த பெரிய நகைச்சுவைக் கலைஞர் வில் ராஜர்ஸ் அவர் பாடறதக் கேட்டு, நீ ரேடியோல முயற்சி பண்ணுப்பானு சொல்லிட்டுப் போனதா ஆட்ரி வாழ்நாள் பூரா சொல்லிட்டு இருந்தாரு. நியூயார்க் போனாரு, இன்னும் கொஞ்சம் அனுபவம் சேத்துட்டு வானு திருப்பி அனுப்பினாங்க, டல்சா ரேடியோவுல பாடினாரு, 1929ல ரெக்கார்டு, அப்புறம் சிகாகோவுல டபிள்யூஎல்எஸ் ரேடியோவோட ‘நேஷனல் பார்ன் டான்ஸ்’ நிகழ்ச்சி. சியர்ஸ் கம்பெனி கேடலாக்ல அவரு ரெக்கார்டும் வித்துச்சு, அவர் பேரு போட்ட கிட்டாரும் வித்துச்சு, அதாவது விதை, கலப்பை, சட்டை வாங்கற அதே புக்லருந்து ஒரு விவசாயி வீட்டுப் பையன் ஜீன் ஆட்ரி கிட்டார் ஆர்டர் பண்ணலாம். படத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே அவரு கிராமத்து வீடுகளுக்குள்ள உக்காந்துட்டாரு.

1934ல கென் மேனார்டு படம் ஒண்ணுல சின்னதா ஒரு பாட்டுக் காட்சி குடுத்தாங்க, அடுத்த வருஷமே ‘தி ஃபான்டம் எம்பையர்’னு 12 பகுதி தியேட்டர் சீரியல்ல ஹீரோ. அந்தக் கதைய நான் ரசிச்சு ரசிச்சுச் சொல்வேன். ஆட்ரியோட ராஞ்சுக்கு அடில பூமிக்குள்ள முரானியான்னு ஒரு ராஜ்ஜியம், ரோபோ எல்லாம் இருக்கு, ஒரு ராணி இருக்கா, அவளோட ஆளுங்க இவரப் பிடிச்சுட்டுப் போறாங்க, ஆனா இவருக்கு உயிர் தப்பிக்கிறத விடப் பெரிய கவலை என்னன்னா தினமும் ராஞ்ச்லருந்து போற ரேடியோ நிகழ்ச்சிக்கு சரியான நேரத்துக்கு பூமிக்கு மேல வந்து பாடியாகணும், பாடலைன்னா ஒப்பந்தம் போயிரும், ராஞ்சும் போயிரும். கேக்கும்போது கிறுக்குத்தனமா இருக்கலாம், ஆனா 1935ல அமெரிக்கால எத்தனை குடும்பத்துக்கு நிலம் கையவிட்டுப் போற நெலமைல இருந்துச்சுனு நெனச்சா அதுல இருக்கிற பயம் நெஜமான பயம். நேரத்துக்குப் பாடினா நிலம் நிக்கும். அத விட நேரடியா எந்தக் கதையும் சொல்லிருக்க முடியாது.

அதே 1935ல ஹெர்பர்ட் யேட்ஸ் சின்னச் சின்ன கம்பெனிகளச் சேத்து ரிபப்ளிக் பிக்சர்ஸ் ஆரம்பிச்சாரு. அங்கதான் பாடும் கௌபாய் படம் ஒரு முழு ஜானரா ஆச்சு. படம் ஒரு மணி நேரம் போல ஓடும், ஷூட்டிங் ரொம்ப வேகமா முடிஞ்சிரும், சனிக்கிழமை மேட்னி, டிக்கெட் சில்லறைக் காசு. பெரிய நகரத்து பளபளா தியேட்டர்ல இதெல்லாம் கண்டுக்கவே மாட்டாங்க, தெற்குலயும் மத்தியலயும் இருக்கிற சின்ன டவுன் தியேட்டருங்கதான் இதோட வீடு. கூட ஸ்மைலி பர்னெட்னு காமெடியன், சாம்பியன்னு குதிரை. கதை 1870கள்ல நடக்குதுனு எதிர்பாத்தா ஏமாந்துருவீங்க, ஆட்ரி படத்துல கார் வரும், ரேடியோ வரும், டெலிபோன் வரும், குதிரைல போற ஹீரோ லாரிய துரத்துவாரு. வில்லன் யாருன்னா தண்ணிய மறிக்கிற ஆள், நிலத்த ஏமாத்தி எழுதி வாங்கற பணக்காரன், காசுக்கு விலைபோன அரசியல்வாதி. அந்த வருஷங்கள்ல சமவெளில மண்ணே புழுதியா பறந்து போயிட்டு இருக்கு, பேங்க் மூடிருச்சு, ஊரக் காலி பண்ணிட்டு கலிஃபோர்னியா பக்கம் குடும்பம் குடும்பமா போறாங்க. அவங்களுக்குத் தெரிஞ்ச வில்லன திரைல காட்டி, அவங்களுக்குத் தெரிஞ்ச குரல்ல ஒருத்தர் வந்து அத சரி பண்றாரு, அதுவும் முடிஞ்சவரைக்கும் சுடாம.

குரல் பத்தித் தனியா சொல்லணும். ஆட்ரி ஆரம்பத்துல, கன்ட்ரி மியூசிக்னு சொல்ற நாட்டுப்பாட்டு பாடின ஜிம்மி ராஜர்ஸ் மாதிரியே யோடல் பண்ணிட்டு இருந்தாரு, அந்தத் தொண்டை உடையற மாதிரி மேல ஏறி இறங்கற பாணி, ரெக்கார்டு கேட்டா ரெண்டு பேருக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிறதே கஷ்டம். அப்புறம் மெதுவா அத விட்டுட்டு, மைக்குக்குப் பக்கத்துல நின்னு பேசற மாதிரிப் பாட ஆரம்பிச்சாரு. ஒரு எழுத்தையும் அழுத்த மாட்டாரு, எங்கயும் காட்டிக்க மாட்டாரு, வரியோட கடைசில லேசா கீழ இறக்கி விட்டுருவாரு. மேடைக் கலைஞன் கூட்டத்தப் பாத்துப் பாடுவான், இவரு பக்கத்துல உக்காந்திருக்கிற ஒரே ஒரு ஆளுக்குப் பாடற மாதிரி இருக்கும். திரைல பாத்தா எட்டுற தூரம் வரைக்கும் மலையும் வெளியும், காதுல கேட்டா சமையல்கட்டுல உக்காந்து பேசற அளவு நெருக்கம். இந்த ரெண்டும் சேர்ற இடத்துலதான் மந்திரம் இருக்குனு நெனைக்கிறேன். தான் பெரிய நடிகர் இல்லனு ஆட்ரியே வெளிப்படையா ஒத்துக்குவாரு, ஆனா அப்படி ஒரு குரல் இருந்தா நடிப்பு எதுக்கு?

1938ல அவரு சம்பளத் தகராறுல படப்பிடிப்புக்கு வராம நின்னுட்டாரு. அவர் படம் வேணும்னா கம்பெனியோட மத்த படங்களையும் சேத்து வாங்கணும்னு தியேட்டர்காரங்கள நெருக்கினதும் அவருக்குக் கோவம். ஆள் வரலைன்னா என்ன, இன்னொருத்தர வெப்போம்னு ரிபப்ளிக் எடுத்தது லியோனார்டு ஸ்லைனு ஒரு இளைஞரை. பேர மாத்தி ராய் ராஜர்ஸ்னு வெச்சாங்க. இவரு பொறந்தது ஓஹையோல சின்சினாட்டி, அப்பா ஷூ ஃபேக்டரி தொழிலாளி, இவரும் ஷூ ஃபேக்டரில வேலை பாத்திருக்காரு. 1930ல குடும்பத்தோட கலிஃபோர்னியா போய் லாரி ஓட்டினாரு, பீச் பழம் பறிக்கிற கூலி வேலை பாத்தாரு, கூலிக்காரங்க தங்கற முகாம்ல ராத்திரில கிட்டார் எடுத்துப் பாடினாரு. அதாவது ஆட்ரி படத்துக்குக் கீழ உக்காந்து பாத்த ஜனங்கள்ல ஒருத்தர்தான் மேல திரைக்குப் போனாரு.

அதுக்கு முன்னாடியே பாப் நோலன், டிம் ஸ்பென்சர் கூட சேந்து அவரு ஆரம்பிச்ச குழுதான் ‘சன்ஸ் ஆஃப் தி பயனியர்ஸ்’. இவங்களக் கேக்காம இந்த விஷயம் புரியவே புரியாது. மூணு குரல், ஒண்ணோட ஒண்ணு உரசாம பக்கத்துல பக்கத்துல போகும், நடுவுல ஹ்யூ ஃபாரோட ஃபிடில். நோலன் பொறந்தது கனடாவுல வினிபெக், பின்னாடி அரிசோனா பாலைவனத்துல கொஞ்ச காலம், பாட்டு எழுதின காலத்துல லாஸ் ஏஞ்சலஸ்ல கோல்ஃப் ஆடறவங்களுக்குப் பை தூக்கற வேலையும் பாத்திருக்காரு. ‘டம்ப்ளிங் டம்பிள்வீட்ஸ்’ பாட்டு முதல்ல உதிர்ந்து உருண்டு போற இலைகளப் பத்தினதாத்தான் இருந்துச்சு, அப்புறம்தான் பாலைவனத்துல காத்துல உருள்ற காஞ்ச செடியா மாறிச்சு. ‘கூல் வாட்டர்’ இன்னும் ஒரு படி மேல. பாலைவனத்துல ஒரு ஆளும் டான்னு ஒரு கோவேறு கழுதையும், தாகம், கானல் நீர், அந்தக் கழுதைகிட்ட அங்க பாக்காத, அது தண்ணி இல்ல, பிசாசு காட்ற வேலைனு சொல்லிட்டே நடக்கிறான். ஒரு குரல் வரியப் பாடும், தண்ணினு சொல்ற எடத்துல மத்த குரலுங்க எதிரொலி மாதிரி தூரத்துலருந்து வரும், யாருமே இல்லாத வெளில அந்த எதிரொலிதான் கானல் நீர். நான் இத ராத்திரி விளக்க அணைச்சுட்டு ஹெட்ஃபோன்ல கேக்கறப்போ ஒவ்வொரு தடவையும் தொண்டை வறண்டு போகுது. பயத்தப் பத்தின பாட்டுதான், ஆனா அந்தக் கழுதைகிட்ட அவன் பேசற விதத்துல ஒரு பரிவு இருக்கு, தனக்கே நம்பிக்கை இல்லாத நேரத்துலயும் கூட வர்ற ஜீவன மிரள விடாம பாத்துக்கிறான்.

ஆட்ரி திரும்பி வந்தாரு, ரெண்டு பேரும் ஒரே கம்பெனில இருந்தாங்க. 1940லருந்து சிபிஎஸ் ரேடியோவுல ரிக்லி சூயிங்கம் ஸ்பான்சர்ல ஆட்ரியோட ‘மெலடி ராஞ்ச்’ நிகழ்ச்சி, 1956 வரைக்கும் ஓடிச்சு. 1942ல அவரு ராணுவத்துல சேந்துட்டாரு, விமானி ஆகி சீனா-பர்மா-இந்தியா போர்முனைல சரக்கு விமானம் ஓட்டினாரு, இமயமலைக்கு மேல பறக்கிற அந்த ஆபத்தான ரூட். அவரு இல்லாத நேரத்துல ரிபப்ளிக் ராய் ராஜர்ஸ கௌபாய்களின் ராஜானு பட்டம் கட்டி விளம்பரம் பண்ணுச்சு, 1943லருந்து தொடந்து பத்து வருஷத்துக்கு மேல வெஸ்டர்ன் ஸ்டார் வசூல் பட்டியல்ல அவருதான் முதல். ட்ரிகர்னு அந்தப் பொன்னிறக் குதிரை, 1947 டிசம்பர் 31ல கல்யாணம் பண்ணிக்கிட்ட டேல் எவன்ஸ், இந்த மூணு பேரும் சேந்து ஒரு குடும்பமாவே ஜனங்க மனசுல இருந்தாங்க. டேல் எவன்ஸ் நல்லா பாடவும் செய்வாங்க, பாட்டும் எழுதுவாங்க, நிகழ்ச்சி முடிவுல ரெண்டு பேரும் பாடற ‘ஹாப்பி ட்ரெயில்ஸ்’ அவங்க எழுதினதுதான். பொம்பளைங்க பங்கு அங்க ஆரம்பிக்கலங்கிறதயும் சொல்லிரணும், 1935லயே பாட்சி மொன்டானா ஒரு கௌபாயோட காதலியா இருக்கணும்னு பாடின பாட்டு பத்து லட்சம் ரெக்கார்டு வித்த முதல் நாட்டுப்பாடகினு அவங்களுக்குப் பேர் வாங்கிக் குடுத்துச்சு. அந்தப் பாட்டுல அவளுக்கு வீட்ல உக்காந்து காத்திருக்க ஆசை கிடையாது, அவன் பக்கத்துல தானும் குதிரை ஓட்டணும், கயிறு வீசணும்.

குழந்தைங்களுக்காக ஆட்ரி ஒரு பத்துக் கட்டளை மாதிரி கௌபாய் விதிமுறை வெச்சிருந்தாரு. முதல்ல சுடக் கூடாது, தன்னவிடச் சின்னவன அடிக்கக் கூடாது, சொன்ன வார்த்தை மாறக் கூடாது, இன வெறுப்போ மத வெறுப்போ வெச்சுக்கக் கூடாது. கடைசில சொன்னத படிக்கறப்போ எனக்கு மனசு கனத்துப் போகும், ஏன்னா அந்தப் படங்கள் ஓடின தெற்கு மாநிலங்கள்ல கறுப்பினக் குழந்தைங்க மேல பால்கனிலயோ தனித் தியேட்டர்லயோதான் உக்காந்து பாக்க முடியும், திரைல அவங்கள மாதிரி ஒரு கௌபாய்கூட கிடையாது, நெஜத்துல அத்தனை பேரு அந்த வேலை செஞ்சிருந்தும். அந்தக் குறைய நேரா பாத்த ஒருத்தர் ஹெர்ப் ஜெஃப்ரிஸ்னு ஜாஸ் பாடகர். 1937லருந்து 1939க்குள்ள கறுப்பினப் பார்வையாளர்களுக்காகவே சில பாடும் கௌபாய் படங்கள்ல ஹீரோவா நடிச்சாரு, ‘வெண்கல கௌபாய்’னு பேரு வாங்கினாரு, அதுல சிலத கலிஃபோர்னியால ஒரு கறுப்பினத் தம்பதி நடத்தின மரேஸ் ராஞ்ச்ல எடுத்தாங்க. ஆழமான, வெல்லப்பாகு மாதிரிக் குரல். பின்னாடி ட்யூக் எலிங்டனோட ஜாஸ் குழுவுல பாடிப் பெரிய பாடகர் ஆனாரு, எண்பது வயசு தாண்டினப்புறம் 1995ல திரும்பவும் கௌபாய் பாட்டு ஆல்பம் போட்டாரு, 2014ல நூறு வயசுல போய்ச் சேந்தாரு. இந்தப் படங்களோட காசு பட்ஜெட்டும் குறைவு, எண்ணிக்கையும் குறைவு, ஆனா என் கணக்குல இந்த ஜானரோட நேர்மையான படங்கள் இதுங்கதான்.

அந்தச் சட்டை விஷயத்துக்கு வர்றேன், அத பொம்மைனு சொல்றாங்களே. நூடி கோன்னு ஒரு தையல்காரர், கீவ்ல பொறந்த யூதக் குடும்பத்துப் பையன், சின்ன வயசுல அமெரிக்கா அனுப்பி வெச்சாங்க. நார்த் ஹாலிவுட்ல அவர் கடை. தோள்பட்டைல வேற நிறத் துணி வெட்டி வெச்சு ஓரத்துல பைப்பிங், பாக்கெட் வாய் சிரிக்கிற உதடு மாதிரி வளைஞ்சு ரெண்டு முனைலயும் அம்பு முனை மாதிரித் தையல், சாதா பட்டனுக்குப் பதிலா முத்துப் பூச்சு வெச்ச பிரஸ் பட்டன், நெஞ்சுல எம்பிராய்டரி ரோஜா, குதிரை லாடம், அப்புறம் கல்லு மேல கல்லு வெச்ச மினுக்கு. ராய் ராஜர்ஸ் அவர்கிட்ட நிறைய தெச்சுக்கிட்டாரு. ஒரு பெரிய மைதானத்துல கடைசி வரிசைல உக்காந்திருக்கிற குழந்தைக்கும் தன்னோட ஹீரோ எங்க இருக்கார்னு தெரியணும், அதுக்குத்தான் அந்த மினுக்கு. இப்ப கொஞ்சம் எண்ணிப் பாருங்க. சட்டை தெச்சவர் கீவ், பாட்டு எழுதினவர் வினிபெக், ராஜா பட்டம் வாங்கினவர் சின்சினாட்டி ஷூ ஃபேக்டரி, முதல் பாட்ட எழுதினவர் டாக்டர். ஒருத்தருமே மாடு ஓட்டிப் பொழச்சவங்க இல்ல. பொய்னு சொல்றதுக்கு இதையே ஆதாரமா காட்டுவாங்க, எனக்கு இது தலைகீழாப் படுது. சொந்த ஊரவிட்டு, சொந்த வேலைய விட்டு எங்கயோ வந்து நிக்கிற ஆளுங்கதான் இந்த உடுப்புக்குள்ள வந்து புகுந்துக்கிட்டாங்க, அவங்க தேடின வெட்டவெளியும் நிம்மதியும் நெஜம், அதான் பாட்டுலயும் நெஜமா கேக்குது. நெஜ கௌபாய் அப்பவே போயிட்டதால அந்த எடம் காலியா இருந்துச்சு, பாடத் தெரிஞ்சா யார் வேணா வந்து நிக்கலாம்.

படமா ஓடினது 1950கள் நடுவுல முடிஞ்சுது. 1948ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்து படங்கள மொத்தமா கட்டி விக்கிற முறைக்கு முடிவு கட்டுச்சு, செலவு ஏறிச்சு, டிவி வந்துச்சு. ஆட்ரி காத்து எந்தப் பக்கம் அடிக்குதுனு சீக்கிரமே புரிஞ்சுக்கிட்டு 1950லயே சொந்தமா டிவி தொடர் எடுக்க ஆரம்பிச்சாரு, ராஜர்ஸ் 1951ல வந்தாரு. ரெக்ஸ் ஆலன்தான் இந்த வரிசைல கடைசி, 1954ல அவர் படமும் நின்னுச்சு. அதுக்கு நடுவுல 1952ல ‘ஹை நூன்’ படம் வந்தத கவனிக்கணும். டெக்ஸ் ரிட்டர் குரல்ல பாட்டு தொடங்குது, ரிட்டரும் பழைய பாடும் கௌபாய் ஸ்டார்தான், பல்கலைக்கழகத்துல படிச்சவரு, நாட்டார் பாட்டுல பெரிய ஈடுபாடு. ஆனா திரைல நடந்து வர்ற கேரி கூப்பர் பாட வாயே திறக்கல. பாட்டு ஆஸ்கர் வாங்குச்சு, பாடினவர் திரைக்குப் பின்னாடி போயிட்டாரு. அன்னிலருந்து கௌபாய் மனசுக்குள்ள இருக்கிற பயத்த அவரால சொல்ல முடியாம வேற குரல் வந்து சொல்ற மாதிரி ஆயிருச்சு, அதுக்கும் ஒரு அழகு உண்டு, ஆனா அந்தப் பழைய ஆறுதல் அதுல கிடையாது.

அப்புறம் பாட்டு ரெக்கார்டுக்குத் திரும்பிப் போச்சு. 1959ல மார்ட்டி ராபின்ஸ் ‘எல் பாசோ’ பாடினாரு, நாலரை நிமிஷத்துக்கு மேல ஓடற கதைப்பாட்டு, ரேடியோவுக்கு அது ரொம்ப நீளம்னு நெனைக்கிற காலத்துல முதலிடத்துக்குப் போச்சு. அதுக்கு முன்னாடியே அலபாமாக்காரர் ஹாங்க் வில்லியம்ஸ்னு நாட்டுப்பாடகர் தன் குழுவுக்கு ‘ட்ரிஃப்டிங் கௌபாய்ஸ்’னு பேர் வெச்சாரு, நாட்டுப்பாடகர்னா தொப்பியும் பூட்ஸும்னு ஆனது இந்தப் படங்களாலதான். 1977ல நாஷ்வில்ல ஆரம்பிச்ச ‘ரைடர்ஸ் இன் தி ஸ்கை’ மூணு குரல் பாணிய அப்படியே எடுத்து இன்னிக்கும் மேடைல பாடறாங்க, ‘டாய் ஸ்டோரி 2’ கார்ட்டூன் படத்துல வுடிங்கிற கௌபாய் பொம்மைக்காகப் பாடினாங்க, வுடி பாட்டு ஆல்பத்துக்கு கிராமியும் வாங்கினாங்க. 1985லருந்து நெவாடா மாநிலம் எல்கோ ஊர்ல ஜனவரி குளிர்ல கௌபாய் கவிஞர்கள் கூடறாங்க, அதுல நெஜமாவே மாடு வளக்கிறவங்க வந்து பாடறாங்க, படிக்கிறாங்க. 2019ல லில் நாஸ் எக்ஸ்னு கறுப்பின இளைஞர் ‘ஓல்ட் டவுன் ரோடு’னு குதிரை ஏறினப்போ பில்போர்டு பத்திரிகை அத நாட்டுப்பாட்டு பட்டியல்லருந்து எடுத்துச்சு, ஆனா பொதுப் பட்டியல்ல 19 வாரம் முதலிடத்துல நின்னுச்சு. 2024ல ஹூஸ்டன்ல பொறந்த பியான்சே ‘கௌபாய் கார்ட்டர்’ ஆல்பம் போட்டாங்க. ஹெர்ப் ஜெஃப்ரிஸ் 1937ல கேட்ட எடம் அது.

ராஜர்ஸ் 1998 ஜூலை 6ல போனாரு, ஆட்ரி அதே வருஷம் அக்டோபர் 2ல. மூணு மாசத்துக்குள்ள ரெண்டு பேரும். ட்ரிகர் 1965ல செத்தப்போ ராஜர்ஸ் அத புதைக்க மனசு வராம பாடம் பண்ணி நிக்க வெச்சாரு, அவரோட மியூசியம் மூடினப்புறம் 2010ல அது ஏலத்துல 2,66,500 டாலருக்குப் போச்சு. ஆட்ரிகிட்ட பேஸ்பால் டீம் இருந்துச்சு, லாஸ் ஏஞ்சலஸ்ல அவர் பேர்ல மியூசியம் இருக்கு, ஓக்லஹோமாவுல ஒரு ஊரே 1941ல தன் பேர ஜீன் ஆட்ரினு மாத்திக்கிச்சு. ஆனா இதெல்லாம் தெரியாத குழந்தைங்களுக்கும் அவர் குரல் தெரியும். 1946ல ஹாலிவுட் கிறிஸ்துமஸ் ஊர்வலத்துல அவரு சாம்பியன் மேல உக்காந்து போறாரு, தெருவோரத்துல நிக்கிற குழந்தைங்க அவரப் பாத்துச் சத்தம் போடறாங்கனு நெனைக்கிறாரு, அதுங்க பாத்தது அவருக்குப் பின்னாடி வந்த சான்டாவை. அதோ வர்றார் சான்டானு அதுங்க கத்தின கத்தையே வீட்டுக்குப் போய் பாட்டா எழுதினாரு. மூணு வருஷம் கழிச்சு ருடால்ஃப்னு மூக்கு செவந்த ஒரு மானப் பத்தி ஒரு பாட்டு வந்துச்சு, எல்லாரும் கேலி பண்ணி விளையாட்டுல சேத்துக்காம விட்ட மான், அவருக்கு அது பிடிக்கவே இல்ல, மனைவி ஐனாதான் பாடுங்கனு பிடிவாதமா நின்னாங்க. 1949ல வந்துச்சு. இப்பவும் டிசம்பர் மாசம் ஏதாவது ஒரு கடைல நின்னு கேட்டுப் பாருங்க, பனிமூட்டமான ராத்திரி, வழி தெரியல, அந்த மான்கிட்ட அவரு குரல உசத்தாம, அவசரப்படாம, பக்கத்துல வந்து நின்னு பேசற மாதிரியே பாடறாரு.